சம்பந்தியம்மா மூக்கு

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. காங்கயத்துல வண்டி ஏறுனதுல இருந்து இந்தாளு நம்ம மூஞ்சியவே பாத்துட்டு வர்றானேன்னு உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும். மூஞ்சிய இல்லீங்க, மூக்க. இது ஒரு சீக்கு மாதிரி புடிச்சுக்கிச்சு. ஒரு வருசமா யாரைப் பாத்தாலும் எனக்கு மொகம் தெரியறதில்ல, ரெண்டு ஓட்டைதான் தெரியுது. உங்களுது நல்ல மூக்குங்க. எடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஒடுக்கம். சின்ன வயசுல பந்து கிந்து பட்டிருக்கும். இல்லீங்களா? சரி, பொறவியிலயே அப்பிடி இருக்கும்.

சிங்காநல்லூர் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது. நான் ஏன் இப்பிடி ஆனேன்னு சொல்றனுங்க.

எம் பேரு அர்த்தநாரி. கோயமுத்தூருல கணபதியில, பயிருக்கு மருந்தடிக்கற ஸ்பிரேயர் செய்யற கம்பெனியில வேலை. முதுகுல மாட்டிட்டுக் காட்டுக்குள்ள அடிப்பாங்களே, அதேதான். அதோட நுனியில நாசில் இருக்குது பாத்தீங்களா, அது நம்ம கைவேலைங்க. தக்காளிக்கு ஒண்ணு, வாழைக்கு ஒண்ணு, தென்னை உச்சிக்கு ஒண்ணு. எந்த ஓட்டை வழியா விட்டா தண்ணி எப்பிடிப் பிரியும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லைங்கறது வேற விசயம்.

போன வருசம் ஒரு மருந்துக் கம்பெனிக்காரங்க எங்க முதலாளிகிட்ட வந்தாங்க. மூக்குல அடிக்கற ஸ்பிரே இருக்குதே, அதுக்கு நல்லதா ஒரு நாசில் வேணும்னாங்க. இப்ப இருக்கறதுல பாதி மருந்து தொண்டையில எறங்கிக் கசக்குது, மீதி மூக்கு வழியாவே ஒழுகிருது, ஆளுக பாதியில நிறுத்திடறாங்கன்னாங்க. முதலாளி நேரா எங்கிட்ட வந்து, அர்த்தநாரி, இத நீதான் பண்ணோணும்னாரு. எனக்குக் காலு தரையில படலீங்க. அந்த வாரம்தான் எங்க எஞ்சினியர் வேலையை விட்டுட்டு பெங்களூரு போயிருந்தாரு. டிசைன் ரூம்புல நானும் ஒரு ஃபேனும்தான் இருந்தோம். ஃபேனுகிட்ட கேக்க முடியாதுல்லீங்க.

நான் என்ன நெனச்சேன்னா, மூக்குங்கறதும் ஒரு தோட்டந்தான், கொஞ்சம் சின்னது. நல்லா அழுத்தம் குடுத்து அடிச்சா மூலை முடுக்கெல்லாம் மருந்து போயிரும்னு கணக்கு. மொத நாசில் அந்தக் கணக்குல செஞ்சதுங்க. வெறும் உப்புத் தண்ணிய ஊத்தி, என் மூக்குலயே வெச்சு அடிச்சேன். கண்ணுல தண்ணி, காதுக்குள்ள சத்தம், பக்கத்துல வெச்சிருந்த டீ கவுந்து மேசையெல்லாம் டீ. முதலாளி வந்து எட்டிப் பாத்துட்டு ஆட்டோ கூப்பிடட்டுமான்னு கேட்டாரு.

அப்புறம் மருந்துக் கம்பெனியில இருந்து ஒரு மூக்கு டாக்டரம்மாகிட்ட அனுப்பிச்சாங்க. அந்தம்மா என் நாசில வாங்கி ஒரு டம்ளருக்குள்ள அடிச்சுப் பாத்துட்டு, இது மூக்குக்கா மாமரத்துக்கான்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, பொறுமையா ஒரு விசயமும் சொல்லிக் குடுத்துச்சு. மூக்குக்கு நடுவுல ஒரு செவுரு இருக்குதில்லீங்க, அதுல தோலு ரொம்ப மெலுசு. மருந்து தெனமும் அதும்மேலயே பட்டா புண்ணாகி ரத்தம் வரும். மருந்து காதுப் பக்கமாப் பாத்துப் போவோணும், நடுவுல படவே கூடாது. நான் எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். மனசுக்குள்ள மட்டும், அது அடிக்கறவன் எப்பிடிப் புடிக்கறான்ங்கறதப் பொறுத்தது, நமக்கென்ன, அட்டைப் பெட்டியில எழுதிப் போட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அழுத்தத்தைக் கொறைச்சேன், ஓட்டையச் சிறுசு பண்ணுனேன், பொகை மாதிரி வர்ற அளவுக்குக் கொண்டாந்துட்டேன். அடுத்து அளவு வேணும். மூக்கு ஆளுக்காளு வேற வேற இல்லீங்க. பல்லு டாக்டர் அச்செடுக்கற மாவு ஒரு டப்பா வாங்கிட்டு, பாக்கறவங்ககிட்டெல்லாம் மூக்கு கேக்க ஆரம்பிச்சேன். ஆபீசுல குடுத்தாங்க, கரண்டு பில்லு கட்டற எடத்துல ஒருத்தர் குடுத்தாரு. என் சம்சாரம் சாந்தாமணி, கல்யாணங் காச்சியிலயாவது மனுசங்க மொகத்தப் பாத்துப் பேசுங்கன்னு கெஞ்சிப் பாத்தா. அவளுக்கு விஞ்ஞானம் புரியாதுங்க. ஒரு ரிசப்சன்ல மாப்பிள்ளை கைய நீட்டறாரு, நான் மூக்கையே பாத்துட்டு நின்னுட்டேன். சொந்தக்காரங்க பாதிப் பேரு என்னைக் கண்டா அந்தப் பக்கமாத் திரும்பிப் போக ஆரம்பிச்சாங்க. நான் வேலையில இருக்கறேன்னு தொந்தரவு பண்ணாமப் போறாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்.

இந்த நேரத்துலதான் என் பொண்ணு மைதிலிக்கு எடம் வந்துச்சு. அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டுலயே உக்காந்து பாக்கறா. மாப்பிள்ளை பூபதி, காங்கயத்துக்குப் பக்கத்துல சொந்தமா எண்ணெய் ஆட்டற செக்கு, கொப்பரை காயப் போடற களம், தோப்பு. சம்பந்தி சென்னியப்பன் நல்ல பேச்சுக்காரரு. ஆனா அந்தக் குடும்பத்துக்குப் பேரு வாங்கிக் குடுத்தது சம்பந்தியம்மாங்க. தெய்வாத்தாள். எண்ணெய் டப்பா மேலயே ‘தெய்வாத்தாள் செக்கு எண்ணெய்’னுதான் போட்டிருக்கும். ஒரு காலத்துல ஒவ்வொரு மூட்டையிலயும் கொப்பரையை ஒடைச்சு மோந்து பாத்துத்தான் செக்குல போட விடுவாங்களாம். அந்தத் தூசியே அவங்களுக்கு வெனையாப் போச்சு. தும்மல், அடைப்பு, போகப் போக வாசமே தெரியாமப் போயிருச்சு. நாங்க பொண்ணு பேசறப்பவே ரொம்ப வருசமா மூக்கு அடைச்சுத்தான் பேசிட்டிருந்தாங்க. டாக்டர் ஸ்பிரே குடுத்திருந்தாராம், ரத்தம் வருதுன்னு விட்டுட்டாங்களாம்.

ஆவணியில எங்க வீட்டுல நிச்சயதார்த்தம். ஐயரு ஓமம் வளத்துனாரு, பொகை வந்துச்சு, சம்பந்தியம்மா தும்ம ஆரம்பிச்சுட்டாங்க. நிக்கவே இல்ல. எல்லாரும் தண்ணி குடுக்கறாங்க, விசிறி எடுத்து வீசறாங்க. என் சட்டைப் பையில என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லோணுமா. புதுசாச் செஞ்ச நாசில், உப்புத் தண்ணியோட. நான் பக்கத்துல போய் உக்காந்து, இது சாதாரண ஸ்பிரே இல்லீங்க, நானே செஞ்சதுங்கன்னு ஆரம்பிச்சேன். அவங்க வேண்டாமுங்ணான்னாங்க. மைதிலி அந்தப் பக்கத்துல இருந்து கண்ணு காட்டுனா. நான் அத, அடிங்கப்பான்னு சொல்றதா எடுத்துக்கிட்டேன்.

அவங்க கையிலயே குடுத்து, இப்பிடி அமுத்துங்கன்னேன். அமுத்துனாங்க. சந்தன நெறத்துல பட்டுச்சேலைங்க. அதுமேல பொட்டுப் பொட்டா ரத்தம்.

ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டாரு. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தங்க, நல்ல காரியத்துல இதென்ன சகுனம்னு எந்திரிச்சுட்டாங்க. சென்னியப்பன் மொகம் சுண்டிப் போச்சு. சாந்தாமணி என்னைப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வையில என் மூக்கே அடைச்சுப் போச்சுங்க. எம் பொண்ணு தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா. அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன்.

சம்பந்தியம்மா முந்தானைய மூக்குல அழுத்திப் புடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

“தட்டை மாத்துங்க. ரத்தம் எம் மூக்குல இருந்துதான் வருது, சகுனத்துல இருந்து வரல.”

மாத்துனாங்க. கல்யாணம் நின்னு போகல. ஆனா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. அந்தம்மா மட்டும் அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா எம் பொண்ணு கதி என்ன? நான் செஞ்ச நாசில், நான் சொல்லி, நான் நீட்டி.

அடுத்த ஞாயித்துக்கெழமை பழம் வாங்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போனேன். மனசாரத்தான் போனனுங்க. போன எடத்துல, பழைய ஸ்பிரே இருந்தா ஒருக்கா எப்பிடி அடிப்பீங்கன்னு காட்டறீங்களான்னு கேட்டேன். மன்னிப்புக் கேக்கப் போனவன் கேக்கற கேள்வியா இது. அவங்க சிரிச்சுட்டு, காலி டப்பாவ எடுத்துக் காட்டுனாங்க. ரெண்டு மூக்குக்குமே வலது கையிலதான் அடிக்கறாங்க. வலது கையில புடிச்சு வலது மூக்குல வெச்சா, நுனி நேரா நடுச் செவுத்தப் பாத்துத்தான் நிக்குது. எப்பிடித்தான் மணிக்கட்டைத் திருப்புனாலும் அங்கதான் போகுது. எல்லாரும் அப்பிடித்தான் புடிப்பாங்க. நான்கூட அப்பிடித்தான் புடிச்சேன். டாக்டரம்மா மொத நாளே சொன்னத அட்டைப் பெட்டிக்குத் தள்ளி விட்டவன் நான்.

எலைக்கு அடிப்பக்கம் மருந்து படோணும்னா நாங்க என்ன பண்ணுவோம்? வெவசாயிகிட்ட, ஐயா குனிஞ்சு அடிங்கன்னு எழுதியா குடுப்போம். கொழாயோட நுனிய வளைச்சு வெச்சுருவோம். அவன் எப்பிடிப் புடிச்சாலும் எலைக்கு அடியிலதான் போகும். இத்தன வருசம் செடிக்குச் செஞ்சத மனுசனுக்குச் செய்யத் தோணல பாருங்க.

வளைச்சேன். நுனி கொஞ்சமா வெளிப்பக்கம் சாஞ்சிருக்கும். எடது மூக்குக்கு எடப்பக்கம் திருப்பிக்கலாம், வலதுக்கு வலப்பக்கம். ரொம்ப உள்ளுக்குப் போகாம இருக்க ஒரு திண்டு. எத்தனையோ தடவ மோல்டுல ஒடைஞ்சுது, திருப்புனா ஒழுகுச்சு, முதலாளி பல்லைக் கடிச்சாரு. கார்த்திகை வாக்குல ஒரு மாதிரி அமைஞ்சுது. டாக்டரம்மா வாங்கிப் பாத்தாங்க, இந்தத் தடவ மாமரத்தப் பத்திப் பேசல. மருந்துக் கம்பெனியில பரிசோதனைக்கு ஆளு சேத்தப்ப, சம்பந்தியம்மாவும் தானா வந்து சேந்தாங்க. நான் கேக்கலீங்க. எனக்குக் கேக்கற மூஞ்சி இல்ல.

தையில கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. பங்குனியில ஒரு நாளு காத்தால மைதிலி ஃபோன் பண்ணுனா. அத்தை அடுப்படிக்கு ஓடி வந்து என்னமோ எரியுது, என்னமோ எரியுதுன்னாங்களாம். ஒண்ணும் எரியல. காப்பிங்க. காப்பித்தூளு வாசம். அது என்ன வாசம்னே மறந்து போயிருந்துச்சு அவங்களுக்கு. தெரிஞ்சதும் அடுப்புப் பக்கத்துலயே உக்காந்துட்டாங்களாம், டம்ளர கையில வெச்சுக்கிட்டு, குடிக்காம.

நான் அன்னிக்கு ஆபீசுல ஒவ்வொரு மேசையாப் போய்ச் சொன்னனுங்க. வாட்ச்மேன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன்.

அந்தச் சந்தோசம் ரொம்ப நாளு நிக்கல. மறுபடி மைதிலி ஃபோன். இந்தத் தடவ கொரலே வேற. பூபதி சிகரெட் குடிப்பாராம். எனக்குத் தெரியாது, என் பொண்ணுக்குத் தெரியுமாம், ஏலக்காய் வாங்கிக் குடுத்ததே இவதானாம். சம்பந்தியம்மா மகன் சட்டைய மோந்து பாத்துட்டு ஏலக்காய் டப்பாவ எடுத்து மருமக கையில குடுத்துட்டுப் போயிட்டாங்களாம். மத்தியானத்துல மைதிலி களவா நூடுல்ஸ் போட்டா களத்துல இருந்து என்ன வாசம்னு கேட்டுட்டே வர்றாங்களாம். சென்னியப்பன் தோப்புக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்க போயிட்டு வர்றாருன்னு வாசப்படியிலயே தெரிஞ்சுருதாம். அப்பா, நல்லாத்தானே இருந்தோம், எதுக்குங்கப்பா அந்த மூக்கத் தொறந்து விட்டீங்கன்னு அழுகாத கொறையாக் கேட்டா.

நான் அதையும் சந்தோசமாத்தான் கேட்டனுங்க. நூடுல்ஸ் வாசம் களம் வரைக்கும் தெரியுதுன்னா, நாசில் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு பாருங்க.

முந்தாநாளு சென்னியப்பன் ஃபோன் பண்ணுனாரு. சம்பந்தி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, வீட்டுல யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு. பொண்ணு குடுத்த எடம். சம்பந்தி அப்பிடிக் கூப்பிட்டா எந்தத் தகப்பன் போகாம இருப்பான். இன்னிக்குக் காத்தால மொத வண்டியப் புடிச்சுட்டேன்.

களத்து ஓரத்துல கொப்பரைக் கொட்டாயிக்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. பூபதியும் நின்னாரு. சென்னியப்பன் சுத்தி வளைக்கல. எண்ணெயில பழைய கொப்பரை, பூசணம் புடிச்ச கொப்பரை எல்லாம் அஞ்சாறு வருசமாக் கலந்து ஆட்டிட்டிருக்காங்களாம். ஊருல எல்லாரும் பண்றதுதான்னாரு. அந்தம்மாவுக்கு மூக்கு வந்ததும் ஒரு மூட்டைய ஒடைச்சு மோந்து பாத்திருக்காங்க, அடுத்த மூட்டைய ஒடைச்சிருக்காங்க, எல்லாத்தையும் களத்துல கொட்டிட்டாங்க. செக்கு நின்னு போச்சு. நல்ல கொப்பரை வர்ற வரைக்கும் ஓடக் கூடாதுன்னுட்டாங்களாம்.

கடைசியா விசயத்துக்கு வந்தாரு. அந்த நாசில்ல கொஞ்சம் கை வெச்சுக் குடுங்க சம்பந்தின்னாரு. பாத்தா அதே மாதிரி இருக்கோணும், ஆனா மருந்து முந்தி மாதிரி தொண்டைக்குப் போயிரோணும். ஒடம்புக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல, வாசம் மட்டும் தெரியாமப் போனாப் போதும், வீட்டுல நிம்மதி வந்துரும், உங்க பொண்ணுக்குந்தானேன்னாரு. கடைசி வார்த்தைய மட்டும் மெதுவாச் சொன்னாரு.

நான் என்ன சொன்னேன்னு நெனக்கறீங்க? பாக்கலாமுங்கன்னேன். ஆமாங்க, அப்பிடித்தான் சொன்னேன். பெரிய ஆளாட்டம் உங்ககிட்ட வந்து பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

சாப்பிடக் கூப்பிட்டாங்க. கைகழுவிட்டு வர்றப்ப சம்பந்தியம்மா உள்ளுக்கு வாங்கண்ணான்னாங்க. மைதிலி காப்பி கொண்டாந்து வெச்சுட்டு அங்கயே கதவோரமா நின்னா. சம்பந்தியம்மாவுக்கு மூக்கடைப்பே இல்லீங்க, கொரல் கணீர்னு இருந்துச்சு. இத்தன நாளு நான் அவங்க கொரலயே கேட்டதில்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

“கொட்டாயில உங்ககிட்ட என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியுமுங்ணா,” அப்பிடீன்னாங்க. “மூக்கு இல்லாத இத்தன வருசத்துல இந்த வீட்டுல எங்கிட்ட ஒருத்தரும் எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. நான் என்ன ஆக்கிப் போட்டாலும் நல்லா இருக்குதும்பாங்க. ஊசிப்போன கொழம்பைக்கூடத் தின்னுட்டு நல்லா இருக்குதுன்னிருக்காங்க. அதப் பாசம்னு நெனச்சுட்டிருந்தனுங்ணா.”

நான் டம்ளரையே பாத்துட்டிருந்தேன்.

“டப்பாவுல எம் பேரு இருக்குது. அந்த எண்ணெயத்தான் நானும் தலையில வெச்சேன், கல்யாணத்துக்கு வந்த உங்க சனத்துக்கும் குடுத்து உட்டேன். கெட்டுப் போச்சுன்னு எங்கிட்டச் சொல்ல வீடு நெறையா ஆளு இருந்தும் ஒருத்தரும் இல்ல.”

சத்தம் போடலீங்க அவங்க. அழுகவும் இல்ல. நான் அவங்ககிட்ட, மருந்து ரெண்டு நேரமும் மறக்காம அடிக்கறீங்களான்னு கேட்டேன். அடிக்கறனுங்ணான்னாங்க. அது ஒரு கேள்வியான்னு எனக்கே தெரியும். மைதிலி மட்டும் அப்ப என்னைப் பாத்தா. அவ ஃபோன்ல என்னென்னமோ சொன்னவதான். இப்ப அவ கண்ணுல அது இல்ல. ரெண்டடி எடுத்து வெச்சு அத்தைக்குப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டா. அத்தை நகந்து எடம் விட்டாங்க.

நான் எந்திரிச்சுக் களத்துக்குப் போனேன். சம்பந்தியப் பகைச்சுக்கற தைரியம் எனக்கு இல்ல, எம் பொண்ணு அந்த வீட்டுல இருக்கோணும். முடியாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்ற ஆளு நான் இல்லீங்க. நாசிலக் கெடுக்கறது ஒரு வேலையே இல்ல. வளைஞ்ச நுனிய நேராக்கி, ஓட்டைய ஒரு நூலு பெருசாக்குனா முடிஞ்சுது. வாட்ச்மேன்கூடச் செய்வான்.

“சம்பந்தி, யோசிச்சுப் பாத்தனுங்க,” அப்பிடீன்னேன். “அது எனக்குத் தெரியாத வேலைங்க. இந்த நாசில் எப்பிடி அமைஞ்சுதுன்னே எனக்குத் தெரியல, ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிருச்சு. நான் மறுபடி கை வெச்சா இன்னும் நல்லா வேலை செஞ்சிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

எங்க ஆபீசு முழுக்க நானாத்தான் கண்டுபுடிச்சேன்னு சொல்லித் திரிஞ்ச வாயி இது. அந்த வார்த்தைய எப்பிடி வெளியில தள்ளுனேன்னு எனக்கே தெரியலீங்க.

சென்னியப்பன் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. பூபதிகிட்டத் திரும்பி, நாந்தான் அப்பவே சொன்னனே, இவுருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுதுன்னாரு. என் தோளத் தட்டி, பரவால்ல விடுங்க சம்பந்தி, வருத்தப்படாதீங்கன்னாரு. வண்டி ஏத்தி விட பூபதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. அவரும் அதையே சொல்லித் தேத்துனாரு.

நான் சொன்னது பொய்யிங்க. சொல்லோணும்னு சொன்ன பொய்யி, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அந்த மனுசன் ஒரு நிமிசமாச்சும் யோசிச்சுட்டு நம்பியிருக்கலாமுங்க.